எண்ணியதெல்லாம் சவம்

நம் மாவட்டத்தில் ‘சவம்’ என்றால் பிணம் என்று மட்டும் பொருள் சொன்னால் அது பாதிதான் சரி. பஸ் வரத் தாமதமானால் சவம். மிக்ஸி ஓடாவிட்டால் சவம். சொன்னபேச்சுக் கேட்காத பிள்ளை, நமத்துப்போன தீப்பெட்டி, மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கை எல்லாமே சவம்தான். குளத்துத் தண்ணீரைச் சோதிக்கிற நம் ஆய்வகத்திலும் அப்படித்தான். நுண்ணோக்கியில் குனிந்திருப்பவரைப் பார்த்து, “அந்தச் சவத்த எண்ணி முடிச்சியளா?” என்று யாராவது கேட்காமல் ஒரு நாளும் போனதில்லை. நானும் கேட்டிருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் நீங்களும் இந்நேரம் கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். ஒரே ஒரு முறை அந்தக் கேள்வி வசவாக இல்லாமல் நிஜமான கேள்வியாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஆய்வகத்தில் ‘வெப்ராள மேடம்’ என்று பெயர். பதற்றத்துக்கு நம்மூரில் வெப்ராளம் என்போம். குளத்துக்குப் போகிற ஜீப்பில் ஏறிய பிறகு வலையை எடுத்தோமா என்று மூன்று தடவை இறங்கிப் பார்க்கிற ஜாதி நான். ஒரு முடிவைக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருப்பேன். இது பெருமையில்லை. என் வீட்டாரைக் கேட்டால் இது ஒரு வியாதி என்பார்கள். ஆனால் பணிக்காலம் முழுவதும் தண்ணீரில் மிதக்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிர்களோடு கழித்தவளுக்கு வேறு எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை.

உங்களில் பாதிப்பேர் வேதியியல் படித்து வந்தவர்கள். விலங்கு மிதவை உயிரி என்றால் பாடப்புத்தகப் படம்தான் ஞாபகம் வரும். அதை விடுங்கள். குளத்துத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிளாஸில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தால், புள்ளி புள்ளியாகச் சில துள்ளும், சில சுற்றும், சில விட்டுவிட்டு எத்தும். துள்ளுவது நீர்த்தெள்ளு. சுற்றுவது சக்கர உயிரி. எத்துவது கோபிபாட். இவை பச்சைப் பாசியைத் தின்கின்றன. இவற்றை மீன்குஞ்சு தின்கிறது. குஞ்சு பெரிய மீனாகிறது. அதைக் கொக்கும் நாமும் தின்கிறோம். இந்த வரிசையில் நடுவில் உள்ளவர்கள் போய்விட்டால் மேலே இருப்பவன் பட்டினி, கீழே இருப்பவனுக்குக் கொண்டாட்டம். படிப்பு இவ்வளவுதான். மீதியெல்லாம் பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படுவது.

எண்ணிக்கையை நம்பாதே என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பழைய மேலாளர் அம்மா ஒருவர். நான் சேர்ந்த புதிதில், நாகர்கோவில் பக்கம் சாக்கடை வந்து விழும் ஒரு குளத்தின் மாதிரியை எண்ணிவிட்டு, “இவ்வளவு செழிப்பான குளத்தை நான் பார்த்ததே இல்லை” என்று குதித்தேன். அவர் ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். “எல்லாம் ஒரே ஜாதி சக்கர உயிரி. ஊருல ஒரே ஒரு குடும்பம் மட்டும் பெருகுதுன்னா, மத்தவங்க எங்க போனாங்கன்னு கேக்கணும்ல?” என்றார். அவ்வளவுதான், திரும்ப வடை தின்னப் போய்விட்டார். அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மேற்கே, சிதறால் மலை தெரிகிற இடத்தில் ஒரு குளம். பெயர் வேண்டாம். அதில் மீன் வளர்க்க ஒரு பெண்கள் குழுவுக்கு அந்த வருடம் முறை கிடைத்திருந்தது. குழுவின் தலைவி புஷ்பலெட். அதற்கு முன் பல வருடம் மனு மேல் மனு கொடுத்து, ஒவ்வொரு முறையும் வாய்ப்பு வேறு ஊர்க் குழுவுக்குப் போய், கடைசியில் இவர்கள் பெயர் வந்தது. வந்ததும் அந்தப் பெண்களே இறங்கிக் குளத்தின் ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றினார்கள். புஷ்பலெட்டின் கை முழுக்கச் சொறி வந்துவிட்டது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரில் பாதிப்பேர், பெண்ணுங்களுக்கு எதுக்குக் குளம் என்று கேட்டவர்கள். அந்த வருடம் மீன் பிடித்துக் காட்டாவிட்டால் அடுத்த தடவை பெயர் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிக் குளம் நிரம்பியது. கட்லா, ரோகு மீன்குஞ்சுகள் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. விருந்தாளிகள், போட்டோ, பொன்னாடை எல்லாம் தயார். தண்ணீர் சரி என்று நம் ஆய்வகம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேதியியல் பக்கம் எல்லாம் தேறிவிட்டது. ஆக்ஸிஜன் இருந்தது, அமிலம் காரம் எல்லாம் அளவோடு இருந்தது. என் மேசையில் சுபின் எண்ணி முடித்திருந்தான். அப்போது அவன் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, நல்ல வேலைக்காரன்.

“மேடம், சவத்த எண்ணி முடிச்சாச்சு. கணக்கு ஜோரா இருக்கு. போன வருசத்த விடக் கூடுதல்.”

நானும் பார்த்தேன். சாயம் போட்டதால் எல்லாம் ரோஸ் நிறத்தில் வரிசையாகக் கிடந்தன. நீர்த்தெள்ளு, கோபிபாட், எல்லா வகையும் இருந்தன. மேலாளர் அம்மாவின் கேள்விக்கும் பதில் இருந்தது. ஒரே குடும்பம் இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் குனிந்தேன். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே சொல்லத் தெரியாது.

அவற்றின் வயிறு காலியாக இருந்தது. பாசி தின்கிற நீர்த்தெள்ளின் வயிற்றில் ஒரு கறுத்த பச்சைக் கோடு ஓடும். சாயத்தையும் மீறி அது தெரியும். இவற்றில் இல்லை. சிலவற்றில் ஓட்டுக்குள் சதை சுருங்கிப்போயிருந்தது. இளங்குஞ்சுகள் குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சமாதானம் சொல்லலாம். மாதிரி கெடாமலிருக்க ஊற்றுகிற ஃபார்மலினில் கிடந்தால் சதை சுருங்கும்தான். மழைத்தண்ணீரில் பாசி குறைந்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பேனாவை எடுக்க மட்டும் கை வரவில்லை.

“சுபின், ஃபார்மலின் எப்ப ஊத்துனே?”

“கரையிலயே, மேடம். வலையத் தூக்கின ஒடனே. அதுதானே முறை?”

“ஊத்துறதுக்கு முன்னால குப்பிய வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாத்தியா?”

“இல்ல மேடம்.”

“அப்ப அதெல்லாம் ஓடிச்சா?”

“எது ஓடிச்சா?” என்றான். பிறகு அவன் முகம் மாறியது.

அவன் மேல் தப்பில்லை. நாம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். உடனே ஊற்றாவிட்டால் குப்பிக்குள் ஒன்றையொன்று தின்றுவிடும், எண்ணிக்கை கெட்டுவிடும். ஆனால் ஊற்றியதும் என்ன ஆகிறது? எல்லாம் செத்துப்போகிறது. வலையில் மாட்டும்போது உயிரோடு இருந்தது எது, அதற்கு முன்பே செத்து மிதந்தது எது என்று குப்பிக்குள் போன பிறகு சொல்ல முடியாது. சாயம் இரண்டையும் ஒரே ரோஸாக்கிவிடும். நம் தொழிலைத் தவிர வேறு எந்தத் தொழிலிலும் இப்படியொரு தப்பு நடக்காது. மாடு எண்ணுகிறவன் செத்த மாட்டைச் சேர்த்து எண்ண மாட்டான்.

பெரிய சாரிடம் போனேன். எங்கள் அலுவலகத் தலைவர், நல்ல மனிதர், நாளைய விழாவுக்கு அவர்தான் பொறுப்பு.

“தண்ணி பாஸ். ஆக்ஸிஜன் பாஸ். ஒங்க பிளாங்டனும் பாஸ். பின்னே என்ன மேடம் வெப்ராளம்? பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்கல்லா?”

“சார், எண்ணினது உயிரா சவமான்னு தெரியல. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

அவர் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் ஜீப் சாவியைத் தந்தார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வடசேரிச் சந்தை நெரிசலில் ஜீப் நகராமல் நின்றபோது, வெயில் போய்விடுமோ என்று நான் ஜன்னலுக்கு வெளியே வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தக்கலை தாண்டிய பிறகு சுபின் மெதுவாகக் கேட்டான், “நான் எண்ணுனது தப்பா மேடம்?” தப்பில்லை, சரியாகத்தான் எண்ணியிருக்கிறாய், அதுதான் பயமாக இருக்கிறது என்றேன்.

குளத்தங்கரையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புஷ்பலெட் எங்களைக் கண்டு ஓடிவந்தாள்.

“வாருங்க மேடமே! நாளைக்கு வரவேண்டியவிய இன்னைக்கே வந்திட்டியளா? பாருங்க, வெள்ளம் எப்பிடித் தெளிஞ்சு கெடக்கு!”

உண்மைதான். அவ்வளவு மழைக்குப் பிறகும் ஓரத்தில் தண்ணீருக்கு அடியில் தரை தெரிந்தது. அவள் வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் வாங்கினேன். வலையில் அடிபட்டுச் சாகக்கூடும் என்பதால் வலை போடாமல் வாளியால் மெதுவாக மொண்டு, கிளாஸில் ஊற்றி, மேற்கே சாயும் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். புள்ளிகள் இருந்தன, ஏராளமாக. அவை மெல்ல மெல்லக் கீழே இறங்கின. ஒன்றுகூடத் துள்ளவில்லை.

காற்று ஒதுக்கிய மூலையாக இருக்கலாம் என்று வேறு கரைக்குப் போனோம். பிறகு ஒரு சின்ன வள்ளத்தில் ஏறி நடுக்குளத்துக்குப் போனோம். சக்கர உயிரிகள் சில சுற்றிக்கொண்டிருந்தன. நீர்த்தெள்ளும் கோபிபாடும் எல்லா இடத்திலும் இறங்கிக்கொண்டேயிருந்தன. கையில் பிடித்த கிளாஸ் ஆடியபோது மட்டும் அவை அசைந்தன.

பெரிய சாருக்குப் போன் போட்டேன். “காரணம் சொல்லுங்க மேடம்,” என்றார். “செத்துப்போச்சுன்னா எதனால? காரணம் இல்லாம விழாவ நிறுத்தச் சொன்னா நான் மேல என்னத்தச் சொல்ல?” நியாயம்தான். என்னிடம் காரணம் இல்லை.

கரையில் கூடி நின்ற பெண்களைப் பார்த்து நான் கேட்டேன்: “யாராவது குளத்துல விஷம் கிஷம் கலக்கினாங்களா?”

கேட்டிருக்கக் கூடாது. சட்டென்று எல்லாருடைய முகமும் இறுகிவிட்டது. புஷ்பலெட்தான் பேசினாள்.

“என்ன பேச்சு மேடமே பேசுதிய? நாங்க குளிக்குத வெள்ளம். மாடு குடிக்குத வெள்ளம். இதுல ஆராவது விஷம் கலக்குவினுமா? எங்களப் பாத்தா அப்பிடித் தோணுதா?”

இல்லை என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, குனிந்துகொண்டு வாளியைக் கழுவினேன். அவர்கள் பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அதனால் பயம் இன்னும் கூடியது. யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனால் எல்லாம் செத்துக் கிடக்கிறது.

கோபம் இருந்தாலும் சாயா தராமல் அனுப்புகிற ஊர் இல்லை அது. புஷ்பலெட்டின் வீடு குளத்துக்கு மேலே சரிவில் இருந்தது. வீட்டைச் சுற்றியும், அதற்கு மேலேயும், கண்ணுக்கெட்டிய வரை ஏத்தன் என்கிற நேந்திர வாழை. ஓணத்துக்கு வெட்டிக் கேரளத்துக்கு ஏற்றுகிற வாழை. அவள் கணவர் வளைகுடாவிலிருந்து முதுகுவலியோடு திரும்பி வந்தவர், வாழை விவசாயத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றைப் பேசி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று, “வாழ நல்லா வந்திருக்கே” என்றேன்.

“என்னத்த நல்லா வந்திருக்கு? வண்டு விழுந்து பாதி போச்சு. அதுக்குத்தான் போன வாரம் மருந்து வச்சோம், கேட்டியளா. நாங்க மட்டுமில்ல, மேல உள்ள எல்லா வாழ வெளையிலயும் வச்சினும். வச்ச மறுநாளு மழ. சவம், வச்ச மருந்து முழுசையும் மழ கொண்டு போச்சு.”

“எங்க கொண்டு போச்சு, புஷ்பலெட்?”

அவள் கையைச் சரிவுக்குக் கீழே நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. கைக்கு நேராகக் குளம் கிடந்தது, தோரணத்தோடு.

பிள்ளைகளே, ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன். நம் ஊரில் யாரும் வாழைக்கு விஷம் வைப்பதில்லை. மருந்துதான் வைக்கிறார்கள். விஷம் கலந்தீர்களா என்று வருடம் முழுக்கக் கேட்டாலும் இல்லை என்றே பதில் வரும், அது சத்தியமான பதிலாகவும் இருக்கும். மருந்து வைத்தீர்களா என்று கேட்கத் தெரியாமல் நான் அவ்வளவு நேரத்தையும் அவர்கள் மரியாதையையும் வீணாக்கியிருந்தேன்.

கணவர் உள்ளேயிருந்து குருணை மருந்தின் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். “இது பூச்சிக்குள்ள மருந்துதான மேடம். வெள்ளத்துல போனாலும் மீனுக்கு ஒண்ணும் வராதுன்னு கடைக்காரன் சொன்னான்.”

கடைக்காரர் சொன்னது பெரிய பொய்யுமில்லை. அத்தனை நீரில் கரைந்த அளவுக்கு மீன் செத்திருக்காது. ஆனால் நீர்த்தெள்ளும் கோபிபாடும் பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பூச்சியைக் கொல்லும் மருந்து அவற்றை முதலில் கொல்லும். மீன் சாகாது. மீனுடைய சோறு செத்துப்போகும். நாளை விடப்போகும் குஞ்சுகள் தெளிந்த தண்ணீரில் நன்றாக நீந்தும், நீந்திக்கொண்டே பட்டினி கிடக்கும். இதைத்தான் அவளிடம் சொன்னேன்.

“அப்ப நாளைக்குக் குஞ்சு விடண்டாமா?”

“வேண்டாம்.”

“நிச்சயமாட்டா சொல்லுதிய?”

“நிச்சயமில்ல, புஷ்பலெட். மருந்தச் சோதிக்க வெளிய அனுப்பணும், பதில் வர நாளாகும். இப்ப எனக்குப் பயமா இருக்கு. அது மட்டுந்தான் சொல்ல முடியும்.”

“ஒங்க பயத்துக்கு எனக்க கொளத்த நான் விட்டுக் குடுக்கணுமா?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “இந்த வருசம் போனா பின்ன எங்களுக்குத் தரமாட்டினும். ஒங்களுக்கு இது தெரியுமா?”

தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாயாக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதியியல் தாளில் எல்லாம் பாஸ் என்று இருக்கிறது. எண்ணிக்கை கூடுதல் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. அதுதான் இந்த வேலையில் உள்ள ஆபத்து. தப்பு செய்வதற்கு எல்லாத் தாளும் துணை நிற்கும், பயத்துக்கு ஒரு தாள்கூட நிற்காது.

பெரிய சார் விழாவைப் பக்கத்து ஊர்க் குளத்துக்கு மாற்றினார். “எழுத்துல குடுங்க, பொறுப்பு ஒங்களது” என்றார். கொடுத்தேன். குஞ்சு வண்டி புஷ்பலெட்டின் தோரணத்தைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனதை அந்தப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். அப்போது சுபின்தான் ஒரு யோசனை சொன்னான். கொஞ்சம் குஞ்சுகளை வாங்கி, ஒரு ஹாப்பாவில், அதாவது தண்ணீருக்குள் கட்டுகிற வலைத்தொட்டிலில், இந்தக் குளத்திலேயே விடுவோம். அதே மாதிரி இன்னொரு தொட்டில் அடுத்த ஊர்க் குளத்திலும் கட்டுவோம். வெளித்தீனி போட வேண்டாம். எது நிஜம் என்று குஞ்சே சொல்லட்டும்.

முதல் சில நாட்கள் பற்றி எழுதவே பிடிக்கவில்லை. இரண்டு தொட்டிலிலும் குஞ்சுகள் ஒரே மாதிரி ஓடித் திரிந்தன. புஷ்பலெட் போன் செய்தாள்.

“மேடமே, குஞ்சு துள்ளிட்டுக் கெடக்கு. ஒங்க வெப்ராளத்துல எனக்க ஒரு வருசம் போச்சு. இப்ப சந்தோசமா?”

என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. குஞ்சுகள் பிழைத்தால் ஒரு கூட்டப் பெண்களின் வாய்ப்பை வெறும் பயத்தால் கெடுத்தவள் ஆவேன். குஞ்சுகள் செத்தால் நான் சொன்னது சரி. ஒரு பிஞ்சு உயிர் சாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு மூலை ஆசைப்பட்டது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் அந்த ஆசை வரும். வந்தால் அது ஆசைதான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதை ஆதாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை குரலில் சண்டை இல்லை.

“மேடமே, கொஞ்சம் வந்து பாருங்க. தல மட்டும் இருக்கு. ஒடம்பக் காணல்ல.”

போனோம். அவள் உள்ளங்கையில் ஒரு குஞ்சை வைத்துக் காட்டினாள். பெரிய தலை, அதற்குப் பின்னால் நூல் மாதிரி உடம்பு. அடுத்த ஊர்த் தொட்டிலில் இருந்ததையும் சுபின் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அது கொழுத்திருந்தது. இரண்டும் ஒரே வண்டியில் வந்த குஞ்சுகள் என்று சொன்னால் நம்ப முடியாது. புஷ்பலெட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கணவர் சற்றுத் தள்ளி நின்றார், பக்கத்தில் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று யாருக்காவது தோன்றியிருந்தால், எனக்குத் தோன்றவில்லை.

குளம் அதோடு விடவில்லை. மேய ஆளில்லாமல் போனதால் பாசி பெருகி, தெளிந்த தண்ணீர் பெயின்ட் கரைத்த மாதிரி பச்சையாகி, வாடை அடித்தது. குளிக்க வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கொக்கும் வேறு இடம் பார்த்தது. வெளியே சோதிக்க அனுப்பிய தண்ணீரின் பதில் ரொம்ப நாள் கழித்து வந்தது. மருந்து எதுவும் அகப்படவில்லை என்று இருந்தது. நாங்கள் தண்ணீர் எடுப்பதற்குள் அது வந்த வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். அல்லது காரணம் வேறாகவும் இருக்கலாம். இன்றுவரை என்னால் சத்தியம் செய்ய முடியாது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். நம் வேலையில் பல கதைகள் இப்படித்தான் முடியும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, சேற்றில் காத்துக் கிடந்த முட்டைகள் பொரித்து, நீர்த்தெள்ளு திரும்பி வந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை. குளம் தனக்கென்று கொஞ்சம் விதையைச் சேற்றில் ஒளித்து வைத்திருக்கும். நாம் அதையும் கொல்லாமல் இருந்தால் போதும். புஷ்பலெட் வீடு வீடாக ஏறி, மழை வருகிற மாதத்தில் மருந்து வைக்காதீர்கள், கரையோரம் ஒரு வரிசை வாழையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியும் சண்டை போட்டும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தாள். பெரிய சார் எங்கெங்கோ பேசி அடுத்த முறையும் அவர்கள் குழுவுக்கே வாங்கிக் கொடுத்தார். மீன் வளர்ந்தது. ஒரு முழுக் கட்லாவை வாழையிலையில் பொதிந்து எனக்குக் கொடுத்தனுப்பினாள். “தலயும் ஒடம்பும் ஒண்ணுபோல இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருமழைக்கும் அவளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ வரும். ஒரு கண்ணாடிக் கிளாஸ், அதன் பின்னால் வெயில், உள்ளே துள்ளும் புள்ளிகள். கூடவே அவள் குரல்: “ஓடுது மேடமே.” நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அந்த வீடியோ வந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம் வேறு. நேற்று சாயங்காலம் அவள் அனுப்பிய வீடியோவில் அந்தக் குரல் மாறியிருந்தது. “ஓடுதுல்லா மேடமே?” என்று கேட்டிருக்கிறாள். மேலே உள்ள பெரிய வாழை விளையைப் புதிதாக ஒருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம். அவருக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. நேற்று மதியம் வரை மூன்று நாள் அங்கே நல்ல மழை. நாளை மறுநாள் குஞ்சு வருகிறது.

கிளாஸைக் கையில் பிடிக்காதே, மதிலில் வைத்து எடு என்றேன். எடுத்து அனுப்பினாள். அதைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று அசைந்த மாதிரி இருக்கிறது. மறுபடி பார்த்தால் இறங்குகிற மாதிரி இருக்கிறது. என் கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தாயிற்று. அவளுக்கு ஓடுகிறது என்று நம்ப ஆசை, எனக்கும் ஆசை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் என்னால் இறங்க முடியாது.

ஆகவே நாளைக் காலை உங்களில் ஒருவர் போய் வாருங்கள். ஃபார்மலின் குப்பி ஜீப்பிலேயே இருக்கட்டும். விஷம் என்ற சொல் வாயில் வரக்கூடாது; மருந்து எப்போது வைத்தீர்கள் என்று கேளுங்கள். புஷ்பலெட் சாயா தருவாள். குடித்து முடித்துக் கிளாஸைக் கழுவி, குளத்தில் மொண்டு, வெயிலுக்கு நேராக வையுங்கள். பிறகு எனக்குக் கூப்பிடுங்கள். எண்ணிக்கை எனக்கு வேண்டாம். ஓடுகிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.